கியர் ஆயில் எங்கே போகிறது?

அம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு 12 வயது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு மண் டிராக்கில் ஞாயிறுதோறும் பயிற்சி. அவனுக்காக ஆகஸ்ட் மாதம் பெங்களூரில் ஒருவரிடமிருந்து 65 சிசி டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார்கள். ரேடியேட்டர் வைத்த, ஆறு கியர் வண்டி. பெட்ரோலில் 2டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) கலந்துதான் ஊற்ற வேண்டும். 32 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்று மேனுவலில் இருக்கிறதாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிராக்கை மூடிவிட்டதால் இரண்டு மாதம் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் கவர் போட்டு நிறுத்தியிருந்தார்கள். மார்கழியில் எடுத்து உதைத்தால் ஒரே புகை. முதலில் வெள்ளையாக, சூடேறிய பிறகு நீலம் கலந்த சாம்பல் நிறத்தில். நிற்பதே இல்லை. சைலன்சர் முனையில் தார் மாதிரி சொட்டுகிறது. பிளக் இரண்டு வாரத்துக்கு ஒன்று போகிறது.

முதல் மெக்கானிக், "ரிங் போச்சு, போர் போட்டு பிஸ்டன் செட் மாத்தணும், பதினெட்டாயிரம் ஆகும்" என்றார். போர் போடுவது என்றால் சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்குவது. இரண்டாமவர், "வெள்ளைப் புகைன்னா தண்ணி உள்ள போகுதுன்னு அர்த்தம், ஹெட் கேஸ்கெட்" என்றார். விற்றவரோ, "டூ ஸ்ட்ரோக்னா புகைக்கத்தான் செய்யும் மேடம்" என்று போனை வைத்துவிட்டார். பெங்களூர் குளிரில் இருந்த வண்டி சென்னைக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று வாசகிக்கு ஒரு சந்தேகம். கணவர் தன் பங்குக்கு லிட்டருக்கு 30 மில்லி ஊற்றிக்கொண்டிருந்த ஆயிலைப் பாதியாக்கி 15 மில்லி ஆக்கிவிட்டார். புகை கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறதாம்.

இத்தனைக்கும் பிறகு கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், பேனா மை வேறு நிறத்தில், ஒரு பின்குறிப்பு: "போன மாதம் கியர் ஆயில் 600 மில்லி ஊற்றினோம். நான்கு ஞாயிறு ஓட்டிய பிறகு வடித்தால் 400 மில்லிதான் வந்தது. நிறம் மாறவில்லை. கீழே ஒரு சொட்டு ஒழுகலும் இல்லை. இது சாதாரணமா?"

அம்மா, சாதாரணம் இல்லை. நான்கு பக்கத்தில் எனக்கு வேண்டியது அந்தப் பின்குறிப்புதான். அதற்கு வருவதற்கு முன்னால் அவசரமாக ஒன்று சொல்லியாக வேண்டும்.

அந்த 15 மில்லி

உங்கள் கணவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார். ஆனால் வண்டிக்கு வந்த நோயை விட இந்த வைத்தியம் ஆபத்தானது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் வழவழப்புக்கு வேறு வழி கிடையாது. பெட்ரோலோடு வரும் அந்த ஆயில்தான் எல்லாம். 32-க்கு 1 என்றால் லிட்டருக்கு 31 மில்லி. 15 மில்லி என்பது ஏறக்குறைய 67-க்கு 1. பந்தயத்துக்கென்று செய்த, அதிக ஆர்பிஎம்மில் சுற்றுகிற சின்ன இன்ஜின் இதை நாலு ரவுண்டு பொறுத்துக்கொள்ளும், ஐந்தாவது ரவுண்டில் சீஸ் ஆகும். வண்டி வேகத்தில் இருக்கும்போது பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அப்போது மேலே உட்கார்ந்திருப்பது உங்கள் மகன்.

ஆகவே டேங்கில் இருப்பதை இன்றைக்கே வடித்துவிடுங்கள். புதிதாக 5 லிட்டருக்கு 156 மில்லி கலந்துகொள்ளுங்கள். மூடியில் ஊற்றிக் கண்ணால் அளப்பதெல்லாம் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சு போதும். பையனிடமும் ஒன்று சொல்லி வையுங்கள்: ஓட்டும்போது ஒரு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்கட்டும். இன்ஜின் சத்தம் திடீரென்று இறுகினால், யோசிக்காமல் கிளட்சைப் பிடிக்க வேண்டும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இதில் இருக்கிறது. ஆயிலைக் கூட்டினால் கலவை 'ரிச்' ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகும் என்று பல மெக்கானிக்குகளே சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட் வழியாகப் போகிற அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அதில் ஆயில் பங்கு கூடினால் பெட்ரோல் பங்கு குறைகிறது. கார்புரேட்டர் கோளாறை ஆயிலைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய முடியாது.

நிறத்தை நம்பி ஏமாற வேண்டாம்

வெள்ளை என்றால் தண்ணீர், நீலம் என்றால் ரிங், கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் என்ற வாய்ப்பாடு நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு ஓரளவு ஒத்துவரும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் எரிவதே இயல்பு என்பதால் நீலம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது முழுதாக எரியாத ஆயில் ஆவியாகி வெளியே வரும்; பார்க்க அது வெள்ளையாகத்தான் இருக்கும். இரண்டாவது மெக்கானிக் இதில்தான் வழுக்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. டூ ஸ்ட்ரோக் வண்டியான ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. எக்ஸ்எல் கூட 2015-ல் வந்த எக்ஸ்எல் 100-ல் நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு மெக்கானிக் டூ ஸ்ட்ரோக் கிராங்க் கேஸைத் திறந்து பார்த்திருந்தாலே பெரிய விஷயம்.

பெங்களூர் சந்தேகத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம்; அங்கே காற்று லேசு. அங்கே அளவாக ஜெட் போட்ட வண்டி சென்னைக்கு வந்தால், நம் ஊர் வெயிலைக் கணக்கில் சேர்த்தாலும், காற்று கூடுதலாகக் கிடைத்துக் கலவை இளகும், அதாவது 'லீன்' ஆகும். அதனால் புகை கூடாது, குறையும். ஊர் மாறியதால் இந்தப் புகை வரவில்லை. ஆனால் ரிப்பேர் முடிந்ததும் மெயின் ஜெட் என்ன நம்பர் என்று கட்டாயம் பாருங்கள். லீன் கலவையும் பிஸ்டனைப் பிடிக்கும்.

வண்டிக்குள் மூன்று திரவம்

நிறத்தை விட்டுவிட்டு, எது குறைகிறது என்று பாருங்கள். டேங்கில் பெட்ரோல்-ஆயில் கலவை, ரேடியேட்டரில் கூலன்ட், கிளட்சும் கியரும் ஊறும் கியர் ஆயில். மூன்றும் ஒன்றோடொன்று சேரக் கூடாதவை. புகையாக வெளியே போவது இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கூலன்ட்டைப் பார்ப்பது சுலபம். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எவ்வளவு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், ஜாக்கிரதை. ஒரு ஞாயிறு ஓட்டிய பிறகும் மட்டம் அதே இடத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கெட்டை மறந்துவிடலாம். கூலன்ட் எரிந்தால் புகையில் ஒரு இனிப்பு வாடை வரும். பிஸ்டன் தலை கரி படியாமல் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருக்கும். உங்கள் பிளக் கறுப்பாக, பிசுபிசுவென்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது எண்ணெயின் கைவரிசை.

டேங்கில் உள்ள கலவையும் ஒரு பங்கு புகைக்குக் காரணம்தான், ஆனால் ஆரம்பத்தில் மட்டும். இரண்டு மாதம் நின்ற வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடாமல் விட்டிருந்தால், கார்புரேட்டர் ஊசி வழியாகக் கசிந்து கிராங்க் கேஸில் தேங்கியிருக்கும். பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆயில் தங்கிவிடும். முதல் நாள் தெருவே மறையும் அளவுக்குப் புகைக்கும். பத்து இருபது நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் ஊர் அடைமழைக் காலத்தில் கேட்கவே வேண்டாம். இனி வண்டியை நிறுத்தி வைப்பதானால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

மிச்சம் இருப்பது கியர் ஆயில். அது 200 மில்லி காணவில்லை.

டூ ஸ்ட்ரோக்கில் கலவை நேராக பிஸ்டனுக்கு மேலே போவதில்லை. முதலில் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் சுற்றும் அறைக்குள் போகிறது. பிஸ்டன் ஏறும்போது அந்த அறை உறிஞ்சும். இறங்கும்போது அழுத்தி மேலே தள்ளும். இந்த உறிஞ்சலும் அழுத்தமும் தப்பிப் போகாமல் இருக்க, கிராங்க் தண்டின் இரண்டு பக்கமும் ரப்பர் உதடு வைத்த ஒரு வளையம் உண்டு. அதுதான் ஆயில் சீல். ஒரு பக்கம் மேக்னட் (மின்சாரம் தரும் பாகம்), மறுபக்கம் கிளட்ச். கிளட்ச் பக்கத்து சீல் காய்ந்து இறுகிவிட்டால், பிஸ்டன் ஏறும் ஒவ்வொரு முறையும் பக்கத்து அறையிலிருந்து கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே இழுக்கும். அது எரிந்து புகையாகும், எரியாதது சைலன்சரில் தாராகும், பிளக்கை அடைக்கும். கீழே மட்டும் ஒழுகாது. பழைய சீல் இரண்டு மாதம் அசையாமல் நின்றால் அதன் உதடு தண்டோடு ஒட்டிக்கொண்டு, அடுத்த உதையில் கிழிவது உண்டு. மழைக்கு முன்னால் இல்லாத புகை மார்கழியில் வந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

ஆனாலும் ஒரு இடத்தைப் பார்க்காமல் சீல்தான் என்று முடிவு கட்டாதீர்கள். கீழே சொட்டு இல்லை என்பது முழுச் சாட்சி ஆகாது. செயினை இழுக்கும் முன் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இன்னொரு சீல் இருக்கிறது. அது போனால் வண்டி ஓடும்போது மட்டும் கசியும், செயின் அதை வாரி மண்ணோடு மண்ணாக இறைத்துவிடும். ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே அப்பியிருக்கும் மண் உலர்ந்து உதிர்ந்தால் கவலை இல்லை; எண்ணெய்ப் பிசுக்கோடு களிம்பாக வந்தால் அங்கேயும் ஒரு வேலை இருக்கிறது.

ஒரு டம்ளர் தண்ணீர்ச் சோதனை

இதற்குப் பெரிய கருவி தேவையில்லை, ஆனால் செய்யத் தெரிந்தவர் வேண்டும். சைலன்சர் பைப்பையும் கார்புரேட்டரையும் கழற்றி, அந்த இரண்டு வாயையும் ரப்பர் அடைப்பானால் மூடி, ஒரு சின்ன கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்ற வேண்டும். அவ்வளவுதான், டயருக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசரை வைத்தால் நல்ல சீலும் பிதுங்கி வெளியே வந்துவிடும். பம்ப் மீட்டரின் முள் அசையாமல் சில நிமிடம் நின்றால் இன்ஜின் இறுக்கமாக இருக்கிறது. இறங்கினால் எங்கே கசிகிறது என்று தேடலாம். சிலிண்டர் அடி கேஸ்கெட், ரீட் வால்வு, மேக்னட் பக்கம் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை காட்டிக்கொடுக்கும். கிளட்ச் பக்கத்து சீல் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு, கியர் பாக்ஸிலிருந்து மூச்சுவிட வருகிற மெல்லிய ஹோஸின் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் வையுங்கள். குமிழி வந்தால் குற்றவாளி அகப்பட்டான்.

பதினெட்டாயிரம் ரூபாய் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால், இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

போர் போடச் சொன்னவரிடம்

ரிங் தேய்ந்தால் டூ ஸ்ட்ரோக்கில் இழுவை குறையும், உதைத்தால் காலுக்குத் தெம்பாக எதிர்ப்பு இருக்காது, ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும். புகை அதன் முதல் அடையாளம் அல்ல. ஆயில்தான் ஏற்கெனவே பெட்ரோலோடு மேலே வந்துவிட்டதே. உங்கள் வண்டி ஒரே உதையில் எழுகிறது, இழுவையும் குறையவில்லை என்கிறீர்கள்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. இந்த மாதிரிப் பந்தய வண்டிகளில் பெரும்பாலும் சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ் இருக்காது. அலுமினியத்தின் மேல் முடி அளவுக்கு மெல்லிய கடினப் பூச்சுதான். அதை லேத்தில் ஏற்றி போர் போட்டால் பூச்சு போச்சு, சிலிண்டரும் போச்சு. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு சிலிண்டரை அப்படி அனுப்பி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் சிலிண்டர் எந்த வகை என்று தெரியாமல் அதை லேத் கடை வாசல் மிதிக்க விடாதீர்கள். பிஸ்டன், ரிங் மட்டும் மாற்ற வேண்டி வந்தால் அது வேறு விஷயம். பந்தய வண்டியில் அது பிளக் மாதிரி அவ்வப்போது மாற்ற வேண்டிய சாமான்தான்.

சீல் வேலைக்குப் போகும்போது

சீல் சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். கூலிதான் செலவு. சில வண்டிகளில் கிளட்ச் கவரையும் பிரைமரி கியரையும் கழற்றினால் வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். சிலவற்றில் இன்ஜினையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். மேனுவலில் படம் இருக்கும், முதலிலேயே பார்த்துக்கொண்டு கூலி பேசுங்கள். கையோடு கிராங்க் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புது சீல் போட்டால் அதுவும் சீக்கிரம் கிழியும்.

மேக்னட் பக்கத்து சீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே வயது. அந்தப் பக்கம் போனால் புகை வராது. ஆயிலுக்குப் பதில் காற்றை இழுத்து, திராட்டிலை விட்ட பிறகும் இன்ஜின் கத்திக்கொண்டே இருக்கும், கடைசியில் பிஸ்டன் பிடிக்கும். சத்தமில்லாமல் கெடுக்கிறவன் அவன்தான்.

ஒரிஜினல் சீல் வரத் தாமதமானால் சென்னை ஜிபி ரோட்டு உதிரிபாகக் கடைகளில் அளவு சொல்லித் தேடலாம். பழைய சீலின் முகத்திலேயே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் அச்சிட்டிருக்கும். ஆனால் அளவு பொருந்தினால் மட்டும் போதாது. பெட்ரோலும் சூடும் தாங்குகிற ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய சீல் எடுக்கவே எடுக்காதீர்கள். மற்ற பழைய சாமானுக்கு நானே அங்கே போகிறவன்தான்.

சீல் மாற்றிய அன்றே புகை நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சைலன்சருக்குள் இருக்கும் பஞ்சு நான்கு வாரமாக எண்ணெய் குடித்து ஊறியிருக்கிறது. அதை மாற்றி, வயிறு பெருத்த அந்த முன் பைப்பையும் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். அப்படியும் ஒன்றிரண்டு ஞாயிறு புகைக்கும். பையன் இன்னும் பயந்து பயந்து அரை திராட்டிலில் ஓட்டுகிறான் என்றால் இன்னும் கொஞ்ச நாள் கூடும். அது தானாகச் சரியாகும்.

ஆயில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். டப்பாவின் பின்னால் ஜாஸோ (ஜப்பானியத் தர முத்திரை) எஃப்சி அல்லது எஃப்டி என்று இருக்கட்டும். இரண்டும் புகை குறைந்தவை. காசிமேட்டில் படகு மோட்டாருக்கு ஊற்றும் ஆயில் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது குளிர்ந்து ஓடும் படகு இன்ஜினுக்கானது. சோழவரம் ரன்வேயில் ரேஸ் நடந்த காலத்தில் காற்றெல்லாம் ஆமணக்கெண்ணெய் வாசனை அடிக்கும். அந்த வாசனைக்காகவே நாங்கள் சைக்கிள் மிதித்துப் போவோம். அந்த ஆசையில் யாராவது ஆமணக்கெண்ணெய் ஆயிலைச் சிபாரிசு செய்தாலும் வேண்டாம். பிசின் மாதிரிப் படியும், சுத்தம் செய்து மாளாது.

பார்க்கிங், தெரு, விற்றவர்

பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இருபது நிமிடம் ஓடவிட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டார் சண்டை போட்டது நியாயம்தான். கண்ணை எரிக்கும் புகையை விட, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு அங்கே உயிருக்கே ஆபத்து. திறந்த வெளியில் மட்டும் ஓடவிடுங்கள்.

பையன் பின்தெருவில் ஓட்டுவதாக எழுதியிருக்கும் மாலை நேர ரவுண்டு உடனே நிற்க வேண்டும். சின்ன வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று உங்கள் கணவர் சொல்வது தவறு. 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கே 16 வயதும் லைசென்ஸும் வேண்டும். இது பதிவு எண்ணே இல்லாத 65 சிசி. மோட்டார் வாகனச் சட்டம் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. டிராக் வரை வண்டியை டெம்போவில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

விற்றவர் தனி ஆள் என்றால் நுகர்வோர் ஆணையம் கைகொடுக்காது. வண்டி விற்பதையே தொழிலாகச் செய்கிறவர் என்றால் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். ஆனால் சீல் போனதை அவர் மறைத்தார் என்று நிரூபிப்பது கஷ்டம், அது உங்கள் பார்க்கிங்கிலேயே கூடப் போயிருக்கலாம். செலவில் பாதியைக் கேட்டுப் பாருங்கள். வந்தால் லாபம்.

சீல் மாறும் வரை பையன் ஓட்ட வேண்டாம். 400 மில்லியில் கியரும் கிளட்சும் தேயும். கோபித்துக்கொள்வான், அந்த டம்ளரை அவன் கையில் கொடுத்து, குமிழி வருகிறதா என்று பார்க்கும் வேலையை அவனுக்கே கொடுங்கள். வந்ததா இல்லையா என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். வரவில்லை, ஸ்ப்ராக்கெட் பக்கமும் உலர்ந்திருக்கிறது என்றால், நான் சொன்னது தப்பு. வண்டியை நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.